கேப்டன் போட்ட கையெழுத்து

கேப்டனாக இருந்த இன்னாசிமுத்து மேஜராக உயர்ந்தது ஒரு மார்ச்சில். ராணுவப் பதிவு ஆபீசில் மறுவருஷ மார்ச் என்று ஏற்றிவிட்டார்கள். அந்த ஒரு வருஷம் போனால் அடுத்த பதவி உயர்வு கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நாலு மனு கொடுத்தார். நாலையும் திருப்பினார் சூப்பிரண்டு நீலமேகம். "ஃபைல் பொய் சொல்லாது. அந்த வருஷம் முழுக்க நீர் கேப்டன்தான்!"

ஃபைல் சுமக்கும் பியூன் மாரப்பன் பக்கத்தில் நின்றான். "சரிங்கய்யா. அப்ப உங்க நாற்காலியை வெளியே போட்டுரட்டுங்களா?"

"என்னடா உளர்றே?"

"உங்களை சூப்பிரண்டாக்கின கமிட்டிக்கு மேஜர்தானுங்க தலைவரா இருக்கணும். அந்த வருஷம் ஜூன்ல தலைவரா கையெழுத்துப் போட்டவர் இவருங்க. கேப்டன் போட்டது செல்லாதுங்களே."

நீலமேகம் பேனாவைத் தேடினார். மாரப்பன் மூடியைக் கழற்றி நீட்டினான்.