சிச்சிலிக்கு எட்டாத அடைப்பு

காட்டுச் சுனை ஒன்றின் ஓரத்தில் பாறை வெடித்திருந்தது. அந்த வெடிப்பை நாணலும் களிமண்ணும் வைத்து அடைத்திருந்தது ஒரு நீர்நாய். அடைப்புக்குப் பக்கத்தில் பாறையில் ஒரு வெள்ளைக் கோடு. தண்ணீர் அதைத் தாண்டினால் அடைப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் கரை உடையும். மொத்தமாகப் பிடுங்கினாலோ சுனையே காலி!

நீர்நாய் இரை தேடப் போகும்போது கோட்டைக் கவனிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

"சிச்சிலியைப் போடு!" என்றன, மீன்களைத் தவிர மற்ற எல்லா உயிர்களும். சிச்சிலி ஒரு மீன்கொத்தி. அடியில் அயிரை புரண்டாலும் அதன் கண்ணுக்குத் தப்பாது.

நீர்நாய் சம்மதித்தது. ஆனால் வெடிப்பைச் சுற்றி இலந்தை முள்ளை அடைத்து, கோட்டைப் பார்க்க ஒரே ஒரு துவாரம் விட்டது. அடைப்புக்குப் போகத் தனக்கு மட்டும் தண்ணீருக்கடியில் வழி வைத்துக்கொண்டது.

"கோடு தெரிகிறதா?"

"நன்றாகத் தெரிகிறது!"

"அலகை நீட்டு. அடைப்பு எட்டுகிறதா?"

"எட்டவில்லையே!"

"அப்படியானால் சரி. நீ பார்க்க வேண்டும், கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்."

சிச்சிலிக்குச் சுருக்கென்றது. "என்னைக் களவாணி என்று நினைத்தாயா?" என்று கேட்டது. நீர்நாய் இரை தேட நீந்திப் போய்விட்டது. அன்று முழுக்க சிச்சிலிக்கு இரை இறங்கவில்லை.

கோடை வந்தது. கரை மண்ணில் துளைத்த பொந்தில் சிச்சிலியின் நான்கு குஞ்சுகள் இருந்தன. ஒரு மத்தியானம் அது துவாரத்தில் எட்டிப் பார்த்தது. மழையே இல்லை, ஆனால் தண்ணீர் கோட்டைத் தாண்டியிருந்தது! பொந்தின் வாயை அலை நக்கிக்கொண்டிருந்தது.

"ஓடி வா! தண்ணீர் கோட்டைத் தாண்டிவிட்டது! என் குஞ்சுகள்!"

நீர்நாயைக் காணோம். சிச்சிலி முள்வேலியின் மேல் பாய்ந்தது. அலகை நுழைத்தது. எட்டவில்லை. ஒரு முள்ளைப் பிடுங்கி எறிந்தது. மார்பில் இரத்தம் கசிந்தது. "பாவி! உன் வேலியால் என் பிள்ளைகள் சாகப்போகின்றன!" என்று அலறியது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த நீர்நாய் கோட்டைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது. பிறகு பாறை உச்சியில் ஏறியது.

"சிச்சிலி, இங்கே வா! அந்தத் திருப்பத்தைப் பார்!"

நாணலுக்கு அப்பால், சிச்சிலி வழக்கமாக உட்காரும் கிளையிலிருந்து தெரியாத இடத்தில், ஏழு யானைகள் சுகமாகத் தண்ணீரில் படுத்துக் கிடந்தன. பதற்றத்தில் அவற்றின் பிளிறல்கூட அதன் காதில் விழவில்லை.

யானைகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இறங்கியது. பொந்துக்குள் குஞ்சுகள் பசியில் கத்தின.

சிச்சிலி அடைப்பு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. "எட்டியிருந்தால் முழுவதையும் பிடுங்கியிருப்பேன். தண்ணீரும் போயிருக்கும், மீனும் போயிருக்கும். இந்த நான்கும் எதைத் தின்றிருக்கும்?"

"என் குட்டிகள் அந்தப் பொந்தில் இருந்திருந்தால் நானும் பிடுங்கியிருப்பேன்" என்றது நீர்நாய். "நீ கூப்பிட்டது சரி. நாளைக்கும் அப்படியே கூப்பிடு."

சிச்சிலி தான் எறிந்த முள்ளைத் தேடி எடுத்து வந்தது. "இதைப் பழைய இடத்திலேயே செருகு. இறுக்கமாக!" என்றது.

பார்ப்பதற்கு மட்டும் ஒருவரை வைத்தால் அவர் கைக்கு எட்டாதபடி மற்றதைக் காப்பது அவர்மேல் கொண்ட சந்தேகம் அல்ல, பதறும் வேளையில் அவரையும் காப்பாற்றும் அக்கறை.