ஆட்டுச்சந்தை பெருக்கிய ஒச்சம்மாள்

ஆட்டுச்சந்தை கலைந்ததும் ஒச்சம்மாள் துடைப்பத்தோடு இறங்குவார். புழுக்கை, மூத்திரச் சேறு, அழுகிய தழை, சில நாட்களில் செத்த குட்டியும். எல்லாவற்றையும் அள்ளிக் குழியில் போட்டுவிட்டுக் குளிப்பார். பிறகு சந்தைக்கு மேற்கே அங்காள ஈசுவரி கோயிலுக்குப் போவார். குளித்த பிறகும் வீச்சம் அடிக்கிறது என்று உள்ளே விடமாட்டார்கள். வாசலுக்கு வெளியே நின்று, "ஒன் மண்ணைக் கூட்டிட்டேன் தாயே" என்பார். அவர் அறிந்த பூசை அவ்வளவுதான்.

மண் அம்மனுடையதுதான். ஏழு தெருக்காரர்களின் முன்னோர் சேர்ந்து வாங்கி, அம்மன் பெயரில் அறக்கட்டளையாக எழுதிவைத்த இடம் அது. அங்கே யாரும் கடை போடலாம், சம்பாதிக்கலாம். மண்ணை மட்டும் எவரும் தமதாக்க முடியாது. வருகிற வாடகை தண்ணீர்த் தொட்டியாகவும் கொட்டகையாகவும் புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்குக் கைமுதலாகவும் ஊருக்கே திரும்பியது. கணவரை இழந்து வெறுங்கையோடு நின்ற ஒச்சம்மாளுக்கும் அந்த மண்தான் சோறு போட்டது.

ஊர் ஓரமாக நாற்கரச் சாலை வந்தது. கல்யாண மண்டபம் கட்ட நகரத்து முதலாளி ஒருவர் சந்தையை விலைக்குக் கேட்டார். அறக்கட்டளைத் தலைவர் பெருமாயனுக்கும் மற்ற பொறுப்பாளர்களுக்கும் தனித்தனியே பங்கு பேசி முடித்தார். அன்று சந்தைக் கொட்டகையிலேயே பிரியாணி அண்டா இறங்கியது. எண்ணெய் வழியும் வாயோடு, கடித்த எலும்பைப் பெருக்கிய தரையில் துப்பியபடி அவர்கள் சிரித்தார்கள்.

"வா, புழுக்கையாத்தா! நீயும் ஒரு வாய் தின்னு. ஒனக்கும் ஒரு பங்கு உண்டு" என்றார் பெருமாயன்.

"எல்லாத்துக்கும் பொதுவானதை எப்படிய்யா விப்பீக?"

"ஆத்தாகிட்ட உத்தரவு வாங்கித்தான்!"

கொட்டகை அதிரச் சிரிப்பு. ஒச்சம்மாளுக்குக் குமட்டியது. இத்தனை காலம் செத்த குட்டியை அள்ளியபோதும் வராத குமட்டல். வேலிப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தார்.

மறுநாளே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கூலியில்லாமலும் அவர் பெருக்கினார். வயிறு காய்ந்தது. கும்பிடு மட்டும் நிற்கவில்லை.

உத்தரவு கேட்கும் நாள் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி கிடாய் ஒன்றைக் கோயில் முன் நிறுத்தி, கேள்வியைச் சொல்லித் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறினால் அம்மன் சம்மதம். ஏழு தெருவும் கூடியிருந்தது.

"தாயே, வித்துக்கிறோம், உத்தரவு கொடு" என்று பூசாரி தெளித்தார். கிடாய் அசையவில்லை. குடத்தோடு கவிழ்த்தார். அசையவில்லை. பெருமாயன் சோடாவை உடைத்து முதுகில் ஊற்றினார். ஐஸ்கட்டி வைத்துத் தேய்த்தார். கடைசியில் அதன் கழுத்தை இடுக்கிக்கொண்டு காதில் மிளகாய்த்தூளைத் திணிக்கப் போனார். கிடாய் பயத்தில் நின்றபடியே கழிந்தது. பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

"யோவ், ஆத்தாகிட்ட கேக்குறீகளா? இல்ல, ஆத்தாளை அடிச்சுப் புடுங்குறீகளா?" என்று கேட்டார் ஒச்சம்மாள்.

"அப்ப நீயே கேளேன், நாத்தம் புடிச்சவளே!" என்றார் பெருமாயன்.

ஒச்சம்மாள் வாசலருகே வந்தார். கிடாயின் காதோரத்தை முந்தானையால் துடைத்தார். கையளவு தண்ணீர்தான் தெளித்தார்.

"தாயே, இது எல்லாத்துக்குமே இருக்கட்டுமா?"

கொம்பு முதல் வால் வரை சிலிர்த்துக் கிடாய் உதறியது. நீரும் சோடாவும் கழிசலும் பெருமாயன் கூட்டத்தாரின் வெள்ளை வேட்டிகளில் தெறித்தன. கூட்டம் குலவையிட்டது. ஏழு தெருக்காரர்களும் விற்பனை இல்லை என்று அங்கேயே முடிவு சொன்னார்கள்.

பூசாரி தலை குனிந்து உள்ளே போனார். அம்மன் கழுத்து மாலையை எடுத்துவந்து, "உள்ள வாங்கம்மா" என்றார். அதுவரை மிதித்தறியாத வாசற்படியைத் தாண்டி ஒச்சம்மாள் உள்ளே போனார். முதன்முறையாகத் தாயின் முகத்தை அருகில் கண்டார்.

தாய் தேடிய மணம் எது என்பதை ஊருக்குக் காட்டிய அந்த அம்மையின் சேறு படிந்த பாதங்களை வணங்குவோம்.