முதல் மூச்சு

பிள்ளைக்குக் குளிக்கிற தண்ணி அடுப்பில் இருக்கிறது, அத்தை பிள்ளையோடு காத்திருக்கிறார். விறகு ஈரம். ஊதாங்குழலை வைத்து ஊதினால் எரிகிறது, விட்டால் புகைகிறது. இந்த அடுப்படியில் குந்தும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். அதனால் இங்கே இருந்தே எழுதிவிடுகிறேன்.

கருமலை நாடு என்று ஒரு நாடு இருந்ததாம். நடுவில் ஒரு மலை, மலை முழுக்க இரும்புக் கல். அந்தக் கல்லை உடைத்துப் போட்டு, கரியைப் போட்டு, தோல் துருத்தியால் காற்று ஊதி, சாயங்காலம் அதையே இரும்பாக வெளியே எடுப்பார்களாம். கல்லாகப் போனது இரும்பாக வரும். நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்த நாட்டுப் பொக்கிஷக்காரர் பெயர் சாத்தையப்பர். தலை முழுக்க வெளுத்தவர். அவருக்குக் குரு ஒரு பெண், பெயர் உமையாள். அவர் மகள் வயசுதான் இருக்கும். மலையடிவாரத்தில், உலைக்காரர்கள் விட்டுப்போன ஒரு கொட்டகையில் இருந்தாள். இவ்வளவு பெரிய மனுஷர் அவள் காலில் விழுவதைப் பார்த்து ஊரே சிரித்தது. ஐயா பாடம் கேட்கப் போகிறாரா, அந்தச் சின்னப் பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போகிறாரா என்று பல்லக்குத் தூக்குகிறவர்கள்கூடப் பேசிக்கொள்வார்கள். அது அவர் காதில் விழும். விழாத மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் காலையில் அவர் வந்தார். தோளில் பட்டுத் துண்டு. கண்ணில் தூக்கம் இல்லை.

"அம்மை, நாளைக்கு சபையில் நான் ஒரு வார்த்தை சொல்லணும். என்ன சொல்றதுன்னு தெரியலை."

"எதுக்கு?"

"கடல் தாண்டி ஒரு வியாபாரி வந்திருக்கான். மலையை விலைக்குக் கேட்கிறான். விற்கலாமா, வேண்டாமான்னு ராஜா என்னைக் கேட்கிறார்."

மலை போனால் உலைக்குக் கல் கிடையாது. எரிகிற உலையும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மூக்கன் என்கிறவருடையது, அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில்.

சாத்தையப்பர் தன் மனக்குறையைச் சொன்னார். அவர் தாத்தா காலத்தில் பொக்கிஷம் ஒரு சின்ன அறை. ஆனால் மலையைச் சுற்றி உலைகள். அந்தியில் பார்த்தால் மலைக்குத் தீயால் மாலை போட்ட மாதிரி இருக்குமாம். இப்போது பொக்கிஷத்துக்கு அறை போதவில்லை, புதுசு புதுசாகக் கட்டுகிறார்கள். அந்தத் தீ மாலையில் ஒரு பூதான் மிச்சம்.

"பணம் சேரச் சேர நெருப்பு ஏன் அணைஞ்சது அம்மை? பணம்தான் நஞ்சா? எல்லாத்தையும் கடலில் கொட்டச் சொல்லவா?"

உமையாள் கேட்டாள். "அறை அறையா என்ன வச்சிருக்கீங்க?"

"வில்லைதான்."

வில்லை என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடணும். கரி வாங்க, கூலி கொடுக்க உலைக்காரருக்கு முன்பணம் வேண்டுமில்லையா. பணம் கொடுத்தவருக்கு அவர் ஒரு மண் வில்லை சுட்டுக் கொடுப்பார். இரும்பு வந்ததும் உனக்கு இவ்வளவு பங்கு என்று அதில் குறி போட்டிருக்கும். அதற்கு ஒரு முறை இருந்தது. உலை மூட்டுகிற நாளில் பணம் போட்டவரே வந்து துருத்தியை முதலில் அழுத்தணும். முதல் மூச்சு என்று அதற்குப் பெயர். எவ்வளவு பெரிய பணக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அனலில் உட்காரணும். அப்போது கல் நல்லதா, கரி ஈரமா, ஆள் கெட்டிக்காரனா என்று அவருக்கே தெரிந்துபோகும். சாயங்காலம் இரும்பு வெளியே வந்ததும் அந்த வில்லையை உலை வாயில் அடித்து உடைக்கணும். உடைத்தால்தான் பங்கு.

அப்படித்தான் அந்த நாடு மேலே வந்தது. கருமலை இரும்பில் அடித்த கொழு நுனியில் மாட்டாத கலப்பையே எந்தச் சீமையிலும் இல்லை என்பார்களாம்.

பிறகு ஒரு பணக்காரருக்கு முதல் மூச்சு அன்றைக்குப் பார்த்து வயிற்றுப்போக்கு. வில்லையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் லாபம் வைத்து விற்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அனல் ஆகாது. அவர் இன்னும் கொஞ்சம் வைத்து வேறு ஒருவருக்கு விற்றார். கை மாற மாற விலை ஏறியது. அதற்கென்றே ஒரு கடைத்தெரு வந்தது. பந்தல் நிழல், பன்னீர்த் தெளிப்பு, பானகம். இரும்பில் வருவதைவிட வில்லையில் அதிகம் வருகிறது என்றானதும் யாருக்கும் அதை உடைக்க மனசு வரவில்லை. உடைத்தால் நஷ்டம்.

உலைக்காரர்களும் மனுஷர்கள்தானே. கல்லை உருக்குவதை விட்டுவிட்டு அதே உலையில் வில்லை சுட ஆரம்பித்தார்கள். புகை போய்க்கொண்டிருந்ததால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு குடியானவர் தேய்ந்த கொழுவைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தபோதுதான் நாட்டில் இரும்பு இல்லை என்பது தெரிந்தது. கொழு கப்பலில் வந்தது. பிறகு வில்லை சுட்ட உலைகளும் ஒவ்வொன்றாய் ஆறிப்போயின. சுட வேண்டியதற்கு மேல் சுட்டாகிவிட்டது.

மூக்கன் மட்டும் விடவில்லை. கரிக்குப் பணம் கேட்டு சாத்தையப்பரிடம் போயிருக்கிறார். அந்தப் பணத்தை வில்லைக் கடையில் போட்டால் பொழுது சாய்வதற்குள் ஒன்றுக்கு இரண்டாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். சரி ஐயா, அந்த வில்லையைக் கரைத்துக் கூழ் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு மூக்கன் இறங்கி வந்துவிட்டார்.

உமையாள் இன்னொன்று கேட்டாள். "வந்திருக்கிற வியாபாரி எத்தனை வில்லை கேட்டான்?"

சாத்தையப்பர் யோசித்தார். "ஒண்ணுகூடக் கேட்கலை அம்மை. மலையை மட்டும்தான் கேட்டான்."

அவள் எழுந்தாள். "வாங்க."

மூக்கன் உலையில் கல்லும் கரியும் அடுக்கிக்கொண்டிருந்தார். பணம் கிடைக்காததால் தன் வீட்டுக் கதவையும் நிலையையும் வெட்டிக் கரியாக்கியிருந்தார். கடைசிக் கரி அது. பொக்கிஷக்காரரைப் பார்த்ததும், இது அணைந்தால் அடுத்தது கூரைதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

"முதல் மூச்சு யாரு அண்ணே?" என்று உமையாள் கேட்டாள்.

"யாரு வரா? நானே கொடுத்துக்குவேன்."

"இவர் கொடுப்பார்."

சாத்தையப்பர் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுத்தோல் துருத்தி. ஒன்றை அழுத்தும்போது இன்னொன்றைத் தூக்கணும், மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருக்கும். பரம்பரையாகப் பொக்கிஷம் காத்த குடும்பம். அவர் ஒரு நாளும் துருத்தியைத் தொட்டதில்லை. அழுத்தினார். உள்ளே உர்ர் என்று ஒரு சத்தம். கறுப்பு சிவப்பாகி, சிவப்பு மஞ்சளாகி, கடைசியில் கண் கூசுகிற வெள்ளையாகிவிட்டது. ஒரு பொறி தெறித்துப் பட்டுத் துண்டில் பொத்தல் போட்டது. அவர் கவனிக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்தபடி இருந்தாராம்.

"காத்துதானே அம்மை. கண்ணுக்குக்கூடத் தெரியலை. அதுக்கு இப்படி ஒரு பலமா?"



உச்சி வெயில் நேரத்தில் உமையாள் குனிந்தாள். இரண்டு துருத்தியின் மூக்கையும் உலையிலிருந்து உருவினாள். ஒன்றின் மூக்கை இன்னொன்றின் மூக்கோடு சேர்த்து ஈரத்தோல் வாரால் இறுக்கிக் கட்டினாள்.

மூக்கன் எழுந்துவிட்டார். "அம்மா, என் உலை."

"கொஞ்சம் பொறுங்க அண்ணே. ஐயா, நீங்க ஊதுங்க."

சாத்தையப்பர் வலது துருத்தியை அழுத்தினார். இடது துருத்தி உப்பியது. இடதை அழுத்தினார். வலது உப்பியது.

"காத்து இருக்கா?"

"இருக்கு அம்மை."

"குறையுதா?"

"கொஞ்சம்கூடக் குறையலை."

"கஷ்டமா இருக்கா?"

"முன்னைவிட லேசா இருக்கு. அனலே இல்லை."

"அப்ப வேகமா ஊதுங்க."

வேகமாக ஊதினார். தோல் இரண்டும் மாறி மாறி, கல்யாண வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட வயிறு மாதிரி புடைத்தன. வழுக்கிக்கொண்டு போனது. அவருக்கே அது பிடித்துப்போய், முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டதாம்.

மூக்கன் மெதுவாகச் சொன்னார். "ஐயா, இந்தப் பக்கம் பாருங்க."

உலை மங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை போய், மஞ்சள் போய், அடியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. பாதி உருகினது அப்படியே இறுகிவிட்டால் உலையோடு சேர்த்து உடைத்துத்தான் எடுக்கணும். அதற்குப் பிறகு அது கல்லும் இல்லை, இரும்பும் இல்லை. மூக்கன் மனைவி கதவு இல்லாத வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

சாத்தையப்பர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அனலில் ஈரத்தோல் இறுகிப்போயிருந்தது. விரல் நுழையவில்லை. உமையாளைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து பல்லால் கடித்தார். அந்த வயசில் மிச்சமிருந்த பல்லே கொஞ்சம், அதில் ஒன்று ஆடிப்போய்விட்டது. முடிச்சு அறுந்தது. இரண்டு மூக்கையும் உலைக்குள் செருகி அழுத்தினார்.

புகைதான் வந்தது.

அழுத்தினார். மறுபடியும் புகை. மலையே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்ததாம்.

அப்புறம் அடியிலிருந்து உர்ர் என்றது.

அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. மூக்கன் மாற்றிக்கொள்கிறேன் என்று வந்தபோதும் கையை விடவில்லை. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. பொழுது சாயும்போது மூக்கன் உலையின் முன்பக்கத்தை இடித்துத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கட்டி உருண்டு வந்து மண்ணில் விழுந்தது. சிவப்பாக, பளபளவென்று, அப்போதுதான் பிறந்த பிள்ளை மாதிரி. தலை வெளுத்த அந்த மனுஷர் முட்டிபோட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதார் என்றுகூடச் சொல்வார்கள்.

பிறகு மடியில் கை விட்டு ஒரு வில்லையை எடுத்தார். ஒரு தெருவையே வாங்கலாம், அவ்வளவு கை மாறின வில்லை. மூக்கனின் அப்பா போட்ட குறி அதில் இருந்தது.

"உடைச்சா நஷ்டமாச்சே ஐயா" என்றார் மூக்கன்.

சாத்தையப்பர் அதை உலை வாயில் ஓங்கி அடித்தார். வெறும் மண் சத்தம்தான் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து உமையாளிடம் கேட்டார். "அம்மை, மலையை விற்க வேண்டாம்னு சொல்லுவேன். ஆனா ஏன்னு ராஜா கேட்பார். இதை எல்லாம் அவருக்கு எப்படிச் சொல்ல?"

"சொல்ல வேண்டாம். கூட்டிட்டு வாங்க."

"ராஜாவையா? இந்த இடத்துக்கா?"

"ஆமா. வரும்போது பட்டு வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க. பொறி தெறிக்கும்."

சாத்தையப்பர் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார். பட்டு முழுக்கப் பொத்தல். ஒவ்வொரு பொத்தல் வழியாகவும் மலை தெரிந்தது. அதை அப்படியே பிடித்தபடி, ஒரு பொத்தலில் விரலை விட்டு — இதோ வந்துட்டேன் அத்தை, தண்ணி காய்ஞ்சிருச்சு, பிள்ளையை