கப்பல்காரன் கொடுத்த பட்டம்

இப்போதெல்லாம் நாலு பேர் கூடினால் பேச்சே வேறு மாதிரி போகிறது. ஒருவன் ஒன்றைச் சொல்கிறான். அண்ணன் சொன்னதற்கு மேல் இல்லை என்கிறான் அடுத்தவன். மூன்றாமவன் கைதட்டுகிறான். எதற்குத் தட்டினாய் என்று கேட்டால் முழிக்கிறான். இந்தக் காலத்து ஆட்களை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? முன்னொரு காலத்திலும் இதே கூத்துதான் நடந்திருக்கிறது.

அது கடலோரத்தில் ஒரு ராஜ்யம். ராஜாவின் சபையில் நாற்பது பேர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் பேச எழுந்தாலும், தனக்கு முன் பேசியவரைப் பார்த்து "முன்னவர் மொழிந்ததே முத்து" என்று சொல்லிவிட்டுத்தான் தன் பேச்சைத் தொடங்க வேண்டும். தொடங்கிய பிறகு சொல்ல அவரிடம் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. முதலில் பேசுகிறவர் பிரதானி நயினாரப்பர். ஆகவே காலையில் அவர் சொன்னதுதான் மாலைவரை நாற்பது வாயிலும் சுற்றிவரும்.

இந்த வழக்கத்துக்கு மசியாத ஒரே ஆள் அரண்மனை விகடன் இருளப்பன். கிழவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கி வளர்ந்தவன், எழுத்து வாசனை கிடையாது. யாரையும் லேசில் நம்பமாட்டான். ராஜா சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் தானும் சிரிப்பான்.

ஒருநாள் குதிரை விற்க வந்த வெள்ளைக்காரக் கப்பல்காரன் ஒருவன் சபையில் உட்கார்ந்திருந்தான். அன்றைய ஆலோசனை, கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்குக் கம்பத்தை எங்கே நடுவது என்பது. பிரதானி, அரண்மனைப் பூந்தோட்டத்தின் நடுவில் நட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்றார். முன்னவர் மொழிந்ததே முத்து என்று நாற்பது பேரும் மாலைவரை அதையே சொன்னார்கள். மதிலுக்குள் எரிகிற விளக்கு கடலில் போகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கப்பல்காரன் கடைசியில் எழுந்து, சபையை ஒரு சுற்று பார்த்து, தன் பாஷையில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போய்க் கப்பலேறிவிட்டான்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றார் ராஜா. பிரதானிக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் கிடையாது. "ஒற்றுமையில் சிறந்த ஞானசபை என்று பொருள், மகாராஜா" என்றார். முத்து, முத்து என்றது சபை. மறுநாளே அவர்கள் ஒருவரையொருவர் அந்தச் சொல்லால் அழைக்கத் தொடங்கினார்கள். ஆஸ்தானப் புலவர் தன் மகள் கல்யாணத்தில் அதைச் சொல்லியே அட்சதை போட்டார். கோட்டை வாசலில் பொறிக்கக் கல்லும் வந்து இறங்கிவிட்டது.

இருளப்பன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சொல் அவனுக்குத் தெரியும். துறைமுகத்தில் மாலுமிகள் குடித்துவிட்டுப் பேசும் பேச்சு அது.

பிரதானிக்கு அவனை வெகுநாளாகப் பிடிக்காது. நாற்பது பேர் ஏற்ற பட்டத்தை இவன் ஒருவன் ஏற்கவில்லை என்று ராஜாவிடம் மூட்டிவிட்டார். ராஜா கூப்பிட்டுக் கேட்டார்.

"அது நல்ல வார்த்தை இல்லீங்க, மகாராஜா" என்றான் இருளப்பன்.

பிரதானி இதற்குத்தான் காத்திருந்தார். சபையில் ஆபாசம் பேசினால் நாக்கை அறுப்பது அந்த ராஜ்யத்தின் சட்டம். நாளை இவன் சபையில் பொருள் சொல்லட்டும், ஆபாசமாகச் சொன்னால் சட்டப்படி நாக்கு, சொல்ல முடியாவிட்டால் பட்டத்தைப் பழித்த பொய்க்காக நாக்கு என்றார். எப்படிப் போனாலும் நாக்கு அவருக்குத்தான். ராஜாவுக்கோ அர்த்தம் தெரிந்தாக வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டார்.

அது சித்திரை மாதம். பட்டு அங்கிக்குள் நாற்பது முதுகிலும் வேர்க்குரு. மறுநாள் இருளப்பன் ஒரு கூடை நிறையக் காய்ந்த பீர்க்கங்காய் நாரைச் சுமந்துகொண்டு வந்தான். சபையார் அங்கியைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பவர் முதுகைத் தேய்த்துவிட்டால் பட்டத்தின் பொருள் தானாக வெளியே வரும் என்றான். வேர்க்குருக்காரர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? ராஜா கண்ணைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டார்கள்.

வரிசையின் கடைசியில் பிரதானி. அவர் புலவர் முதுகைத் தேய்த்தார். தன் முதுகைத் தேய்க்கத்தான் அவருக்கு ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, "வட்டமாக உட்கார்ந்தால் என்ன?" என்றார். முன்னவர் மொழிந்ததே முத்து என்று வரிசை வளைந்து வட்டமாகிவிட்டது.

அப்புறம் கேட்கவேண்டுமா? இன்னும் கொஞ்சம் மேலே என்றார் ஒருவர். அங்கேதான், அங்கேதான் என்று கண்ணை மூடினார் இன்னொருவர். தன்னைத் தேய்ப்பவரின் கையைப் போல் ஒரு கை உலகத்தில் இல்லை என்று புலவர் பாட்டே கட்டினார். ராஜா போதும் என்றார். கேட்கவில்லை. மறுபடி போதும் என்றார். யார் முதலில் நிறுத்துவது? முன்னவர் நிறுத்தவில்லையே. மூன்றாம் முறை ராஜா செங்கோலால் தரையைத் தட்டிய பிறகுதான் கைகள் நின்றன.

"இருளப்பா, என்ன இது?" என்றார் ராஜா.

"இதுதானுங்க அந்தப் பட்டம். தேய்ச்சவருக்கும் சுகம், தேய்ச்சுக்கிட்டவருக்கும் சுகம். ஊருக்கு ஒண்ணும் இல்லை. ஆனா கப்பல்காரன் சொன்னது முதுகோட நிக்காது. அதுக்கு மேல நான் சொன்னா நாக்கு போயிரும். வேணும்னா பிரதானி ஐயாவே சொல்லட்டும், அவருக்குத்தான் பொருள் தெரியுமே."

பிரதானி அவசரமாக அங்கியைத் தேடினார். தன் மகள் கல்யாணம் புலவருக்கு நினைவு வந்தது. ராஜா புலவரைப் பார்த்தார், பிரதானியைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசலில் கிடக்கும் கல்லைக் கடலில் போடச் சொல்லிவிட்டு, உன் நாக்கு உனக்கே, மேலும் என்ன வேண்டும், கேள் என்றார்.

"விளக்கைத் துறைமுகத்துல நட்டுருங்க. அது போதும்."

அப்படியே ஆகட்டும் என்றார் ராஜா. இனிமேல் சபையில் யாரும் யார் முதுகையும் சொறியக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

பிரதானி எழுந்தார். "மகாராஜா மொழிந்ததே முத்து" என்றார்.

"முன்னவர் மொழிந்ததே முத்து" என்றார் புலவர். அது அப்படியே சுற்றத் தொடங்கியது. அது நாற்பதாவது ஆளிடம் போய்ச் சேரும்வரை இருளப்பன் நிற்கவில்லை. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, துறைமுகத்தைப் பார்த்து நடந்தான். கம்பத்துக்குக் குழி தோண்டுவதைத் தன் கண்ணால் பார்க்காமல் அவன் நம்புவதாக இல்லை.