முசுறு பிடித்த புழு

ஏணியில் ஏறினால் எனக்குத் தலைசுற்றும். பூச்சிமருந்து வாடை பட்டால் குமட்டும். அதனாலோ என்னவோ, பண்ணையார் என்னைச் சாத்துக்குடித் தோட்டத்துக்குக் காவலாக வைத்தார்.

அந்த வருஷம் இலையெல்லாம் புழு. காயும் குறைந்துகொண்டே வந்தது. “காயையும் புழுதான் தின்னுது ஐயா, தோலோட” என்று பண்ணையாரிடம் சொன்ன காரியஸ்தர் பொன்னம்பலம், என் பக்கம் திரும்பினார். “லேய் மாசானம், மருந்தெல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பூச்சி இருக்கக்கூடாது. இருந்தா நீ இருக்கமாட்டே.”

மாந்தோப்பில் கைக்கெட்டிய முசுறுக் கூடுகளை ஒடித்து வந்து, சாத்துக்குடிக் கிளைகளில் கட்டினேன். மரத்துக்கு மரம் கயிறும் கட்டிவிட்டேன். முசுறு என்கிற அந்தச் சிவப்பு எறும்பு புழுவைக் கண்டால் விடாது. என்னையும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பண்ணையார் வந்தார். இலையில் புழு இல்லை. காரியஸ்தர் மட்டும் வேட்டி மடியைச் சொறிந்துகொண்டு நெளிந்தார்.

“என்னய்யா ஆச்சு?”

“தோட்டத்தைச் சுத்திப் பார்த்தேன் ஐயா. எறும்பு கடிச்சிட்டு.”

நான் கைகட்டிச் சொன்னேன். “சுத்திப் பார்த்தா கால்ல கடிக்கும் ஐயா. காயைப் பறிச்சுக் கட்டினாத்தான் மடியில கடிக்கும். தோலோட காய் தின்ன புழுவையும் முசுறு பிடிச்சிட்டு.”

என் ஆயுசில் நான் பேசிய ஒரே கெட்டிக்காரப் பேச்சு அது. ஆனால் எறும்புக்கடியில் உதடு பணியாரமாக வீங்கியிருந்ததால், பண்ணையாருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

“என்னலே உளறுதே?” என்றார்.

காரியஸ்தருக்கு விளங்கிவிட்டது. “இன்னைக்கு நாலு காய்தான் ஐயா எடுத்தேன்” என்று காலில் விழுந்தார்.