ஆடு முதலில் போகட்டும்

தவிட்டுப்பாறைக்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே செய்துவிடுவார்கள். அந்த ஊரைப் பற்றி இதைத் தவிர வேறு குறை யாரும் சொன்னதில்லை. தண்ணீர் கொதித்ததும் அரிசியைப் போடு என்று எழுதிக் கொடுத்தால் போட்டுவிடுவார்கள். போட்டுவிட்டு, அடுத்தது என்ன என்று ஆள் அனுப்பிக் கேட்பார்கள். ஆள் திரும்பி வருவதற்குள் அரிசி அடிப்பிடித்திருக்கும். அடிப்பிடிக்க விடாதே என்று எழுதியிருக்கவில்லையே என்பார்கள்.

அந்த ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் பெற்றோர் குழு ஒன்று உண்டு. அதன் தலைவி உலகம்மாள். பீடி சுற்றுகிறவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அப்போது ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது; மேலே படிக்க வேண்டுமானால் இரண்டு ஓடை தாண்டி ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தது, உலகம்மாளின் படிப்பு அதோடு போயிற்று. இப்போது அவளுடைய மகள் இசக்கிப்பிரியா ஏழாம் வகுப்பில் இருந்தாள்.

அந்த மாதம் ஒரு செய்தி வந்தது. கல்வி அதிகாரி வியாழக்கிழமை வருகிறார். அறிவியல் வகுப்பைப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளை ஓடைக்கு அப்பால் உள்ள பள்ளியில் சேர்க்கச் சொல்லி அன்றைக்கே ஐந்து மணிக்குள் தென்காசி ஆபீஸில் காகிதம் கொடுத்துவிடுவார்; ஐந்து மணி தாண்டினால் காகிதம் செல்லாது.

இதைக் கேட்டதிலிருந்து உலகம்மாளுக்கு இலை வெட்டினால் கோணலாகப் போயிற்று, தூள் வைத்தால் சிந்திற்று. ஓடை ஒன்று நெஞ்சுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருந்தது.

போதாக்குறைக்கு அறிவியல் டீச்சர் ஜெசிந்தாவை செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். போகுமுன் டீச்சர் குழுவைக் கூப்பிட்டு, கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்.

"வகுப்பு நடக்குற முறை எல்லாம் இதுல இருக்கு. வகுப்புக்குள்ள வர்றது யாரா இருந்தாலும் இதுப்படிதான் நடக்கணும். பிள்ளைங்களைப் பாத்துக்கோங்க. வியாழக்கிழமை சாயந்தரத்துக்குள்ள வந்துடுவேன்."

உலகம்மாள் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர் உள்ளே போன பிறகே பின்னால் நிற்பவர் போக வேண்டும். பிள்ளைகள் கை தூக்கி, டீச்சர் பெயர் சொல்லி அழைத்த பிறகே பேச வேண்டும். முதல் நாள் உட்கார்ந்த இடத்திலேயே வருடம் முழுக்க உட்கார வேண்டும். எந்தப் பொருளையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். மணி அடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஒரு நாள் வராதவர் மறுநாள் பெற்றோரை அழைத்து வர வேண்டும்.

"இம்புட்டுத்தானா?" என்றான் சங்கிலி. ஆடு வளர்க்கிறவன். குழுவில் அறிவாளி என்று பெயர் வாங்கியவன், வாங்கியதைக் காப்பாற்றுகிறவன். "ஒரு புள்ளி மாறாம நடத்திருவோம் டீச்சர்."

டீச்சர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் பஸ் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரும், குழுவினரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். முதலில் சங்கிலி. அவனுக்குப் பின்னால் டிராக்டர் ஓட்டுகிற கோட்டைச்சாமி. பிறகு உலகம்மாள். பிறகு பிள்ளைகள்.

வரிசை நகரவில்லை.

"ஏ அண்ணாச்சி, போங்களேன்" என்றாள் உலகம்மாள்.

"எப்படித் தாயி போவேன்? முன்னால நிக்கிறவர் போன பொறவுதான போவணும். எனக்கு முன்னால ஆரு நிக்கா?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யாரும் இல்லை.

"அப்பம் நீரு பின்னால வாரும் வே, நான் முன்னால நிக்கேன்" என்று கோட்டைச்சாமி இடம் மாறினான். நின்று யோசித்தான். "எனக்கு முன்னாலயும் ஆரும் இல்லையே" என்றான்.

ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்று பார்த்தார்கள். முன்னால் வருகிற எல்லோருக்கும் அதே சங்கடம். கடைசியில் சங்கிலிக்கு ஒரு வழி தோன்றியது. வேப்பமரத்தைச் சுற்றி வட்டமாக நின்றால் எல்லோருக்கும் முன்னால் ஒருவர் இருப்பார். அப்படியே நின்றார்கள். நடக்கவும் செய்தார்கள். பதினொரு மணி வரை நடந்தார்கள்.

"நடக்கத்தான் செய்யுதோம்" என்றாள் உலகம்மாள் மூச்சு வாங்க. "ஆனா வகுப்பு மட்டும் அங்கேயேல்லா இருக்கு?"

அந்த நேரத்தில் சங்கிலியின் கருப்பு ஆடு, வட்டத்தைப் பார்த்துச் சலித்துப்போய், திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போயிற்று.

"போயிட்டு! முன்னால ஒருத்தர் போயாச்சு!" என்று சங்கிலி கூவினான். அவன் ஆட்டுக்குப் பின்னால் போனான், அவனுக்குப் பின்னால் எல்லோரும் போனார்கள். ஆடு டீச்சர் மேசைக்குப் பக்கத்தில் படுத்தது. முதல் நாள் உட்கார்ந்த இடம் அதுதான் என்று உலகம்மாள் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டாள். வருகைப் பதிவேட்டில் அதன் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சத்துணவு சமைக்கிற மரியபுஷ்பம் சாயங்காலம் பள்ளி மணியாக வெளியே தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்தாள். எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். உலகம்மாளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை அவள் வகுப்பைப் பெருக்கித் துடைத்தாள். ஜன்னலோரம் நீளமான மேசை. அதில் கல், மண், தண்ணீர் என்று நாற்பது பொருட்கள். பிள்ளைகள் வருடம் முழுக்க அலைந்து சேர்த்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு.

ஒரு சீட்டைப் படித்த உலகம்மாளுக்குத் துடைப்பம் கையிலிருந்து நழுவியது.

"அண்ணாச்சி, இங்க வாங்க. குடி முழுகிப்போச்சு."

சீட்டில் இருந்தது: கருங்கல். எடுத்த இடம், சங்கிலி மாமா ஆட்டுக் கொட்டகை.

"எடுத்த எடம் இன்னதுன்னு தெளிவா எழுதி வச்சிருக்கு. எடுத்த எடத்துலதான் திரும்ப வைக்கணும்னு கதவுல போட்டிருக்கு. ஒரு வருசமா ஒரு கல்லைக்கூட ஒருத்தரும் திரும்ப வைக்கல! நாளைக்கு அதிகாரி வந்து பாத்தா என்ன நெனப்பாரு?"

சங்கிலி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "நாப்பதும் களவுல்லா தாயி" என்றான் சோகமாக.

பிள்ளைகளில் இசக்கிப்பிரியா மட்டும் கையைத் தூக்கினாள்.

"டீச்சர் இல்லல்லா? பேரு சொல்லிக் கூப்பிடாம நீ பேசப்படாது" என்றாள் உலகம்மாள். "கையை எறக்காத. டீச்சர் வந்து கூப்பிடுவாவ."

இசக்கிப்பிரியா கையை இறக்கவில்லை. சாப்பிடும்போது மட்டும் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அன்று முழுக்கத் தவிட்டுப்பாறை வேலை செய்தது. டிராக்டரில் கற்களை ஏற்றினார்கள். வெங்கச்சாங்கல் மலையடிவாரத்துக்குப் போயிற்று. சுண்ணாம்புக்கல் பழைய சூளைக்குப் போயிற்று. ஓடை மணல் ஓடைக்குப் போயிற்று. அதைக் கொட்டும்போது உலகம்மாள் ஓடையை முறைத்துப் பார்த்தாள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்த பாட்டிலில் பள்ளி மொட்டைமாடி என்று இருந்தது. மாடியேறி ஊற்றினார்கள். அது கீழே வகுப்புக்குள் ஒழுகிற்று. ஒழுகிய இடத்தை உலகம்மாள் மறுபடி துடைத்தாள்.

சிரமமாகப் போனது கண்ணாடிப் புட்டியில் இருந்த மண்தான். மேலே கரிசல், நடுவில் செம்மண், அடியில் சரளை. கிணறு தோண்டின இடத்தில் எடுத்தது என்று சீட்டு சொன்னது.

"அடியில இருந்தது அடியிலதான போவணும்?" என்றான் கோட்டைச்சாமி.

"பின்ன? தலைகீழா வச்சா பூமிக்கே குழப்பம் வந்துரும்" என்றான் சங்கிலி.

பன்னிரண்டு அடி தோண்டினார்கள். ஒரு கை சரளையை அடியில் வைத்தார்கள். ஆறடி மூடி, ஒரு கை செம்மண் வைத்தார்கள். மீதியை மூடிக் கரிசலைத் தூவினார்கள். இதெல்லாம் முடிந்தபோது ஒரு தீப்பெட்டி மிஞ்சியது. உள்ளே கருப்பு மணல். எடுத்த இடம், கன்னியாகுமரி கடற்கரை.

கோட்டைச்சாமி மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவன் திரும்பி வந்தான். வேட்டியெல்லாம் உப்பு.

"வச்சாச்சா அண்ணாச்சி?"

"வச்சாச்சு. அலை இழுத்துட்டுப் போயிருமேன்னு கொஞ்சம் மேல ஏத்திதான் வச்சேன். ஒரு ஆளைக் காவலுக்கு இருக்கச் சொன்னேன், சிரிச்சிட்டுப் போயிட்டான்."

மேசையில் இப்போது நாற்பது சீட்டுகள் மட்டும் இருந்தன. உலகம்மாள் அவற்றை நேராக்கி வைத்தாள். அவளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பெஞ்சு காலியாகத் தெரிந்தால் அதிகாரி என்ன சொல்வாரோ என்று, சமையலறையில் இருந்த மரியபுஷ்பத்தையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"அடுப்புல பருப்பு கெடக்கு மதினி!"

"பருப்பு கெடக்கட்டும். ஓடைக்கு அங்கிட்டுப் போயி எம்மவ படிப்பாளா? நீயும் வந்து உக்காரு."

புஷ்பம் பருப்பை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

பத்து மணிக்கு எல்லோரும் வாசலில் வரிசையாக நிற்கும்போது ஜீப் வந்தது. அதிகாரி குணசீலன் இறங்கினார். முப்பது வருடமாகச் சுற்றறிக்கைகளைப் படித்து, அதன்படி நடந்து, மற்றவர்களையும் நடக்க வைத்தவர். பள்ளியை மூடுகிற காகிதம் கையெழுத்தோடு பைக்குள் தயாராக இருந்தது. விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார்.

சங்கிலி குறுக்கே கையை நீட்டினான். "மன்னிக்கணும் ஐயா. ஆடு முதல்ல போவட்டும்."

அதிகாரி ஆட்டைப் பார்த்தார். கதவில் இருந்த தாளைப் பார்த்தார். முழுக்கப் படித்தார். எழுத்தில் இருந்த எதையும் அவர் இதுவரை மீறியதில்லை. ஆடு போயிற்று. அவர் கடைசியாகப் போய், உலகம்மாளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பெஞ்சு முனையில் உட்கார்ந்தார்.

"டீச்சர் அனுப்பின குறிப்புல இருக்கிற கல்லுகளைப் பத்தி யார் சொல்றீங்க?" என்றார்.

பத்துக் கைகள் உயர்ந்தன. பதினோராவது ஏற்கனவே உயர்ந்திருந்தது.

"நீ சொல்லும்மா."

இசக்கிப்பிரியா வாயைத் திறக்கவில்லை.

"டீச்சர் பேரு சொல்லிக் கூப்பிடணும் ஐயா" என்று உலகம்மாள் மெல்லச் சொன்னாள். "சாயந்தரம் வந்துருவாவ."

அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டார். ஜன்னலோரம் பார்த்தார். "கல்லெல்லாம் எங்கே?"

"எடுத்த எடத்துல வச்சாச்சு ஐயா" என்றான் சங்கிலி பெருமையாக. "ஒண்ணு பாக்கியில்ல."

அதிகாரியின் முகம் கறுத்தது. பையைத் திறந்து அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழப் போனார். உலகம்மாள் பதற்றத்தில் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துவிட்டாள்.

"ஐயா, ஐயா, எந்திரிக்காதீங்க. இன்னும் மணி அடிக்கலையே."

அவர் பாதி எழுந்தபடி நின்றார். கதவுத் தாளை நினைத்துக்கொண்டார். உட்கார்ந்தார்.

"மணி யார் அடிக்கணும்?"

"நாந்தான் ஐயா" என்றாள் மரியபுஷ்பம்.

"அடிங்களேம்மா."

"மணி வெளிய கெடக்கே ஐயா. மணி அடிக்காம நான் எப்படி எந்திரிக்க?"

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். இதற்கு ஏதாவது அரசாணை இருக்கிறதா என்று மனதுக்குள் தேடிப் பார்த்தார்.

"நியாயம்தான்" என்றார் கடைசியில்.

பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. காற்றில் பறந்து பக்கத்தில் விழுந்த இரண்டு சீட்டுகளை ஆடு படுத்தபடியே தின்றது. பொழுது போக வேண்டுமே என்று அதிகாரி மீதமிருந்த சீட்டுகளை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடமிருந்து கைமாற்றி வாங்கி ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் கல் எங்கே இருக்கிறது, அதன் பக்கத்தில் என்ன கல் இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் என்ன மண் வருகிறது என்று குழுவினர் கொட்டினார்கள். தோண்டினவர்கள் அவர்கள்தானே. கோட்டைச்சாமி கன்னியாகுமரி அலையை எழுந்து நின்று காட்ட முடியாமல் உட்கார்ந்தபடியே காட்டினான். அதிகாரி பசியை மறந்து கேட்டார்.

நாலரை மணிக்கு ஜெசிந்தா டீச்சர் பஸ்ஸிலிருந்து ஓடி வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். நேராகப் போய் மணியை அடித்தார். எல்லோரும் கும்பலாக எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சரின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கை.

"இசக்கிப்பிரியா, சொல்லும்மா. என்ன?"

இசக்கிப்பிரியா நெடுநேரம் யோசித்தாள். "மறந்துபோச்சு டீச்சர்" என்றாள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் தென்காசி போய்ச் சேர முடியாது. காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் அடியில் திணித்தார். பிறகு பார்வையாளர் ஏட்டை வாங்கி எழுதினார்: காலை முதல் மாலை வரை வகுப்பில் இருந்தேன். ஒருவரும் எழவில்லை. ஒருவரும் கூச்சலிடவில்லை. இந்தப் பள்ளி இப்படியே நடக்கட்டும்.

உலகம்மாள் அந்த வரியை விரல் வைத்து மூன்று முறை படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சுற்றின பீடியில் ஒரு இலைகூடக் கோணவில்லை.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்ததும் உலகம்மாளுக்கு மறுபடி பக்கென்றது. தன் பக்கத்தில் பெஞ்சு முனை காலியாக இருந்தது.

"அண்ணாச்சி, அவரு வரலையே."

"ஆரு?"

"அதிகாரி. முதல் நாள் உக்காந்த எடத்துல வருசம் முழுக்க உக்காரணுமே. இப்படியே நடக்கட்டும்னு அவரே எழுதிட்டுப் போயிட்டு, மறுநாளே லீவு போட்டா? இதனால பள்ளிக்கூடத்தை மூடிட்டாவன்னா?"

சங்கிலி கதவுத் தாளைப் பார்த்தான். வழி அதிலேயே இருந்தது. டீச்சருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று அவர் காதில் போடாமலே கடிதம் எழுதினார்கள். மரியாதைக்குரிய ஐயா, தாங்கள் இன்று வகுப்புக்கு வரவில்லை. திங்கட்கிழமை தங்கள் பெற்றோரை அழைத்து வரவும். கீழே உலகம்மாள் கையெழுத்துப் போட்டாள். கோட்டைச்சாமி டிராக்டரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஜீப் வந்து நின்றது. குணசீலன் தலையைக் குனிந்தபடி இறங்கினார். பின்னால், குடையை ஊன்றிக்கொண்டு, எண்பது வயதுக்காரர் ஒருவர் இறங்கினார்.

"எங்க அப்பா" என்றார் அதிகாரி.

"என்ன பண்ணுனான்?" என்று கேட்டார் அப்பா.

"வெள்ளிக்கிழமை வரல ஐயா" என்றாள் உலகம்மாள் பயபக்தியோடு.

"சின்ன வயசுலயே இவன் இப்படித்தாம்மா" என்றார் அவர். அதிகாரியின் காது சிவந்தது.

எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். வரிசை நகரவில்லை. உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். முன்னால் யாரும் இல்லை.

"ஆடு எங்க அண்ணாச்சி?"

சங்கிலி தலையைச் சொறிந்தான். "காலம்பரவே மலைக்கு மேயப் போயிட்டு தாயி. இன்னைக்கு வரல."

குணசீலன் மெல்லத் தன் பையைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்தார்.

"அதோட அப்பா பேரு என்ன?" என்று கேட்டார்.