வாசலில் நின்ற கார்

வெற்றிக்கே வீடு கட்டலாம் என்று நினைத்தவர் ஆலை முதலாளி தீர்த்தகிரி. 'வெற்றியாளர் மன்றம்' என்று ஒன்றைக் கட்டி, வாசல் காவலுக்குக் குருவம்மாளை வைத்தார்.

"நினைச்சதை முடிச்சவங்கதான் வெற்றியாளர். வேற யார் நுழைஞ்சாலும் உன் வேலை போச்சு."

திறப்பு விழாவுக்கு முதலில் வந்தவள் பூக்கடைத் தெய்வானை.

"அம்பது வயசுல சைக்கிள் கத்துக்கணும்னு நினைச்சேன் குருவு. அதுலதான் வந்தேன், பாரு."

குருவம்மாள் கதவைத் திறந்துவிட்டாள்.

அடுத்து முதலாளியின் கார் வந்தது.

"பூக்காரியையா உள்ளே விட்டே?"

"அந்தக்கா நினைச்சதை முடிச்சுட்டாங்க ஐயா. நீங்க என்ன நினைச்சீங்க?"

"பக்கத்து ஊர் சபாபதியை மிஞ்சணும்னு இருபது வருஷமா ஓடுறேன், தெரியாதா?"

"மிஞ்சிட்டீங்களா?"

"எங்கே? அதுக்குள்ள அவன் மூணாவது ஆலை கட்டிட்டானே."

"அப்போ வெளியே நில்லுங்கய்யா. உங்களை விட்டா என் வேலை போயிடும்."